மேலுதட்டைத் தூக்கிப் பார்க்கச் சொன்னவர்

என் வலது கை மணிக்கட்டு வரைக்கும் ஒரு குதிரையின் வாய்க்குள் இருந்தது.

பெரிய குதிரை ஒன்றும் இல்லை. ஜட்கா வண்டியில் பூட்டுகிற மட்டக்குதிரை. பெட்டை, பெயர் மைனா. அதன் நாக்கை வாய்க்கு வெளியே இடப்பக்கமாக இழுத்து, ஈரத்துணி சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தவர் ஜொகரா பீவி. மைனாவின் சொந்தக்காரரான மீரான் ராவுத்தரின் மனைவி. நாக்கு அந்தப் பக்கம் வெளியே இருக்கிறவரைக்கும் குதிரை கடிக்காது, கடித்தால் தன் நாக்கைத்தானே கடித்துக்கொள்ள வேண்டும் என்று கல்லூரியில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். குதிரைக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்களா என்பதுதான் அப்போது என் சந்தேகம்.

பேகம்பூரில் ராவுத்தர் வீட்டின் கொல்லைப்புறம். காலை நேரம். காற்று திரும்பும்போதெல்லாம் தோல் பதனிடுகிற ஷாப்பின் வாடை வந்து போனது. மைனாவின் வாய் நாற்றத்துக்கு முன்னால் அது சந்தனம்.

கொல்லையின் மூலையில் ஒரு கரியடுப்பு. அதில் ஓர் இரும்புக் கம்பியைச் சொருகி வைத்திருந்தார்கள். நுனி சிவந்துவிட்டது. நான் தோற்றுப்போனால் அந்தக் கம்பி மைனாவின் மேலண்ணத்தில் இறங்கும். அதற்காகவே ஜட்கா ஸ்டாண்டிலிருந்து நாலு பேர் வந்து படலோரம் நின்றார்கள்.

"தட்டுப்படுதா?" என்றார் ஜொகரா பீவி.

"இன்னும் இல்லம்மா."

"அவசரப்படாதீக. நான் புடிச்சிருக்கேன்."

அவசரப்படாதே என்று என்னிடம் சொல்ல அந்த அம்மாளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் நான் பட்ட அவசரத்தால்தான் நாங்கள் எல்லோரும் அந்தக் கொல்லையில் நின்றோம்.

ஒரு வாசகரின் கிண்டல்

இந்தத் தொடரைப் படிக்கும் அன்பர் ஒருவர் போன வாரம் கடிதம் எழுதியிருந்தார். "எல்லா அத்தியாயத்திலும் நீங்களே ஜெயித்துக்கொண்டிருக்கிறீர்களே, ஒரு தடவைகூடக் கோட்டை விட்டதில்லையா?" என்று கேட்டிருந்தார்.

படித்ததும் சுருக்கென்றது. கடிதத்தை மடித்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் கேட்டது நியாயம் என்று பட்டது. கோட்டை விட்டிருக்கிறேன். நன்றாகவே விட்டிருக்கிறேன். அதிலிருந்து என்னைத் தூக்கி விட்டவர்களுக்கு எழுத்தில் நன்றி சொன்னதில்லை. இந்த வாரம் அதற்குத்தான்.

மாட்டுக்காரன் கை

நான் பிறந்தது குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமம். மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வெயில். எங்கள் ஊரில் ஒருவனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாமல் இருக்கலாம். மாட்டுக்குப் பல் பார்க்கத் தெரியாமல் இருக்க முடியாது.

சந்தையில் ஒரு கையால் மூக்கணாங்கயிற்றைப் பிடிப்பார்கள். மறு கையால் கீழுதட்டைச் சட்டென்று இறக்குவார்கள். ஒரே பார்வை. இரண்டு பல், நாலு பல், ஆறு பல், எட்டும் முளைத்துக் கடை சேர்ந்தது. சொல்லிவிட்டு உதட்டை விட்டுவிட்டு அடுத்த மாட்டுக்குப் போய்விடுவார்கள். என் சித்தப்பா ஒருவர் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே இருபது மாட்டுக்குப் பல் பார்த்துவிடுவார்.

மேலுதட்டை யாரும் தொடமாட்டார்கள். தொட்டும் பிரயோசனம் இல்லை. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல்லே கிடையாது. வழவழவென்று வெறும் ஈறுதான்.

குதிரை வேறு ஜாதி. அதற்கு மேலேயும் முன்பல் உண்டு, கீழேயும் உண்டு. நம் குழந்தைகளுக்கு விழுகிற மாதிரி அதற்கும் பால்பல் விழுந்து முளைக்கும். நடுச்சோடி முதலில், அதற்கடுத்த சோடி பிறகு, ஓரத்துச் சோடி கடைசியில். ஓரப்பல்லும் மாறி முளைத்தால் ஐந்து வயது என்று கணக்கு. அதுவரைக்கும் அதன் வாய் கட்டட வேலை நடக்கிற வீடு மாதிரி. ஒரு பக்கம் இடிபடும், ஒரு பக்கம் எழும்பும், எங்கே கை வைத்தாலும் வலிக்கும்.

இதில் ஒரு சங்கதியை மட்டும் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். குதிரையின் கடைவாயில் புதுப்பல் ஈறுக்குள்ளிருந்து தள்ளும்போது, பழைய பால்பல் அதன் தலையில் ஒரு தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும். நாளாவட்டத்தில் தானாகவே கழன்று விழும். சில குதிரைகளுக்கு அது பாதி கழன்று, பாதி ஒட்டிக்கொண்டு, சாய்ந்து நின்றுவிடும். அப்படி நின்றால் அது கன்னத்தின் உட்புறத்தைக் கிழிக்கும். கீழே புல் அடைத்து அழுகும். குதிரை மெல்ல முடியாமல் துப்பும்.

சென்னையில் கல்லூரியில் படித்தபோது எங்கள் பேராசிரியர் இந்தத் தொப்பியைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசினார். நான் பரீட்சையில் அதற்கு நல்ல மார்க் வாங்கினேன். விஷயம் தலையில் ஏறியதே தவிர, கைக்கு இறங்கவில்லை. கை குஜிலியம்பாறைக் கையாகவே இருந்தது.

ஆடி மாதப் பரிசோதனை

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல் கால்நடை ஆஸ்பத்திரிக்கு என்னைப் போட்டார்கள். புது டாக்டர், புதுச் சட்டை, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். எருமைக்கு எதற்கு அது என்று ஆஸ்பத்திரி அட்டெண்டர் சின்னச்சாமி கேட்டும் நான் கழற்றவில்லை.

அந்தக் காலத்தில் ரயிலடியில் இறங்கினால் ஜட்காதான். நகராட்சியில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தகட்டு நம்பர் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாக் குதிரைகளையும் மைதானத்தில் நிறுத்தி, கால்நடை டாக்டர் பார்த்து, வயதும் தகுதியும் எழுதிக் கொடுக்க வேண்டும். பல் சேராத இளங்குதிரையைப் பயணிகள் வண்டிக்கு விடமாட்டார்கள்.

எனக்கு அதுதான் முதல் பரிசோதனை. நாற்பது குதிரைகளுக்குக் குறையாது. ஆடிக்காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. நான் வரிசையில் விறுவிறுவென்று நடந்தேன். கீழுதட்டை இறக்கினேன், வயதைச் சொன்னேன், குமாஸ்தா எழுதினார். என் சித்தப்பா பார்த்திருந்தால் பூரித்துப்போயிருப்பார்.

பாதி வரிசையில் மைனா நின்றது. செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை. பக்கத்தில் மீரான் ராவுத்தர். ஐம்பது வயது இருக்கும். அவருடைய பழைய குதிரை ஓய்ந்துபோய், மேற்கே ஒரு சந்தையில் தரகர் ஒருவரிடம் மைனாவை வாங்கி வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஐந்து வயது என்று சொல்லித்தான் தரகர் கொடுத்திருந்தார்.

கீழுதட்டை இறக்கினேன். நடுச்சோடி புதுப்பல். அடுத்ததும் புதுப்பல். ஓரத்தில் பால்பல் இல்லை. ஈறைக் கீறிக்கொண்டு புதுப்பல்லின் நுனி தெரிந்தது.

"அஞ்சு வயசு. தகுதி" என்றேன்.

ராவுத்தர் நகரவில்லை. தலைக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே, "டாக்டரய்யா, மேல்வாயையும் ஒருவாட்டி தூக்கிப் பாத்துருங்களேன். வீட்டுல சொல்லிவிட்டாக" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். இருபத்தைந்து வயதில் வருகிற கோபம். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "குதிரைக்கு வயசு சொல்ல நான் மெட்ராஸ்ல படிச்சுப் பட்டம் வாங்கியிருக்கேன் பாய். உங்க வீட்டுல எந்தக் காலேஜு?" என்றேன்.

வரிசையே சிரித்தது. ராவுத்தரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். குமாஸ்தா ஐந்து என்று எழுதினார்.

புகார்

தை முடிந்து மாசி பிறந்திருந்தது. நகராட்சியிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. இன்ன நம்பர் வண்டியின் குதிரை கடைவீதியில் முன்னங்காலைத் தூக்கி நின்று, ஏர்க்காலை முறித்து, வண்டியில் இருந்த ஒரு குடும்பத்தையே கீழே தள்ளியிருக்கிறது. பெரிய காயம் யாருக்கும் இல்லை. ஆனால் இது மூன்றாவது தடவை. இது முரட்டுக் குதிரைதானா என்று பார்த்து, திங்கட்கிழமைக்குள் டாக்டர் எழுதித் தர வேண்டும்.

முரட்டுக் குதிரை என்று நான் எழுதினால் அன்றைக்கே அதை வண்டியிலிருந்து அவிழ்த்துவிடுவார்கள். டவுனுக்குள் மறுபடி எந்த வண்டியிலும் பூட்ட முடியாது. ராவுத்தரிடம் இருந்தது ஒரே வண்டி, ஒரே குதிரை.

நானும் சின்னச்சாமியும் பேகம்பூருக்கு நடந்தோம். என் மனதில் முடிவு தயாராக இருந்தது. ஐந்து வயதுக் குதிரை மூன்று தடவை வண்டியைக் கவிழ்த்தால் வேறென்ன பெயர்? போய்ப் பார்த்தேன் என்பதற்காகப் பார்த்துவிட்டு வந்து எழுதிவிடலாம்.

அங்கே போனால் அடுப்பும் கம்பியும் தயாராக இருந்தன. மைனா ஒரு வாரமாகச் சரியாகத் தின்னவில்லை. மேல்வரிசை முன்பல்லுக்குப் பின்னால் அண்ணம் வீங்கியிருக்கிறது, அங்கே சூடு போட்டால் வீக்கமும் வற்றும், முரட்டுத்தனமும் அடங்கும் என்று ஸ்டாண்டுக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவர்களுடைய அத்தாக்களும் தாத்தாக்களும் அப்படித்தான் செய்து வந்திருக்கிறார்கள். பல் முளைக்கிற இளங்குதிரைக்கு அண்ணம் வீங்குவது இயற்கை, தானாக வற்றும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய ஆள் நான். நான் ஸ்டெதாஸ்கோப் மாட்டிக்கொண்டு அலைந்துகொண்டிருந்தேன்.

"கடிவாளத்தக் காட்டுனாலே தலையத் தூக்கிருதுங்க" என்றார் ராவுத்தர். ஆடியில் பார்த்ததைவிட அவர் முகம் இளைத்திருந்தது. "வலப்பக்கம் வாரத் தொட்டாப் போதும், எந்திரிச்சு நிண்டுக்கிருது. அடிச்சும் பாத்துட்டேன். அடிச்ச கையி எனக்கு இன்னமும் வலிக்குது."

சொளகில் வந்த சாட்சி

அப்போது கொல்லைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அவுகளச் செத்த நேரம் இங்கிட்டு வரச் சொல்லுங்க."

வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு இழுத்துப் போர்த்தியிருந்த ஓர் அம்மாள், அரிசி புடைக்கிற சொளகு ஒன்றை வாசற்படியில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். அதில் கோழிமுட்டை அளவில் பச்சையும் பழுப்புமாகப் புல் உருண்டைகள். காய்ந்தவை ஒரு பக்கம், ஈரமானவை ஒரு பக்கம்.

"வாயில போட்டு மெல்லுது, முழுங்க மாட்டேங்குது, உருட்டித் துப்பிருது. ஒரு வாரமா நான் எடுத்து வச்சிருக்கேன். அம்புட்டும் சோத்தாங்கைப் பக்கந்தேன் விழுகுது" என்றார்.

நான் ஓர் உருண்டையை எடுத்து விரலால் பிரித்துப் பார்த்தேன்.

"நான் எந்தக் காலேஜுலயும் படிக்கலைங்க. ஆனா தெனமும் தீனி வைக்கிறதும் கூட்டி அள்ளுறதும் நாந்தேன். மேல்வாயப் பாக்கச் சொல்லிவிட்டதும் நாந்தேன்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் மைனாவிடம் போனேன். இந்தத் தடவை மேலுதட்டைத் தூக்கினேன்.

மேல்வரிசையின் இரண்டு ஓரத்திலும் பால்பல். சின்னதாக, வெள்ளை வெளேரென்று, தேங்காய்ச் சில்லு மாதிரி, அசையாமல் உட்கார்ந்திருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அந்தக் குதிரைக்கு இப்போதுதான் நாலு வயது. நான் ஐந்து என்று எழுதிய அன்றைக்கு மூன்றரைதான் இருந்திருக்கும்.

தரகரின் வேலை அப்போதுதான் புரிந்தது. கீழ்த்தாடையில் மட்டும் ஓரத்துப் பால்பல்லைப் பிடுங்கியிருக்கிறார். பிடுங்கினால் புதுப்பல் சீக்கிரம் எட்டிப் பார்க்கும். மேலே ஏன் பிடுங்கவில்லை? எங்கள் பக்கத்து ஆட்கள் மேலுதட்டைத் தூக்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். மாடு பார்க்கிற சனம். அந்தச் சனத்தில் பட்டம் வாங்கிய ஓர் ஆளும் உண்டு என்பதுதான் அவருக்கே தெரியாமல் கிடைத்த அதிர்ஷ்டம்.

இந்தக் குதிரை முரடும் இல்லை, ஒன்றும் இல்லை. பல் முளைக்கிற குழந்தை. அதன் வாயில் இரும்பைப் போட்டு, நாள் முழுக்க இழுக்க வைத்திருக்கிறோம். அதற்குத் தகுதி என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

"சூடு வேணாம் பாய்" என்றேன். "கடவாயில பால்பல் ஒண்ணு மாட்டியிருக்கும்னு நினைக்கிறேன். அது வந்துட்டா எல்லாம் சரியாயிரும்."

ஸ்டாண்டுக்காரர்களில் ஒருவர், "வரலேன்னா?" என்றார்.

ராவுத்தர் என்னையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் பதில் சொல்வதற்குள் ஜொகரா பீவி வாசற்படியை விட்டு இறங்கி வந்தார்.

"டாக்டரய்யா பாக்கட்டும். நாக்க நான் புடிக்கிறேன். எங்கிட்டன்னா அது நிக்கும்."

பூட்டுக்காரர் குறடு

எங்கள் ஆஸ்பத்திரியில் குதிரைக்குப் பல் பிடுங்குகிற குறடு கிடையாது. கேட்டு எழுதிப் போட்டிருந்தோம். அந்தக் காகிதம் எந்த மேசையில் தூங்கியதோ. சின்னச்சாமி ஒரு நிமிஷம் யோசித்தார். "இருங்க, வாரேன்" என்று ஓடினார். அடுத்த தெருவில் ஒரு பூட்டுப் பட்டறை. பூட்டுக்குள் நெம்புகோல் தகடுகளை எடுத்து வைக்கிற நீளமூக்குக் குறடு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். ஜொகரா பீவி அதைச் சோற்றுப்பானைத் தண்ணீரில் போட்டு வேக வைத்தார். கம்பி காய்ந்துகொண்டிருந்த அதே அடுப்பில், கம்பியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பானையை ஏற்றினார். எனக்கு அதுவே பாதித் தைரியம் கொடுத்தது.

இனி நான் தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். நாக்கு அந்த அம்மாளின் கையில். என் விரல் மைனாவின் வலது கன்னத்துக்குள். வெதுவெதுப்பு, வழுவழுப்பு, அதன் மூச்சு என் முழங்கையில் பட்டுப் பட்டுப் போனது. மேல் கடைவாயில் ஒன்று, இரண்டு, மூன்று என்று தடவிக்கொண்டே போனேன். மூன்றாவதில் என் விரல் நுனியைக் கத்தி மாதிரி ஒன்று கீறியது.

"இருக்கும்மா!"

நான் கத்தியதில் மைனா தலையை உலுக்கியது. ராவுத்தர் தலைக்கயிற்றில் தொங்கினார். ஜொகரா பீவியின் பிடி மட்டும் தளரவில்லை. ஒரு கையில் நாக்கு, மறு கையால் அதன் நெற்றி வெள்ளையைத் தடவிக்கொண்டே, "ஒண்ணுமில்லத்தா, ஒண்ணுமில்ல. இந்தா ஆச்சு. எங் கண்ணுல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். காதில் விழுந்ததில் எனக்கும் பதற்றம் நின்றது. அந்தக் கண்ணு நானில்லை என்று தெரியும். இருந்தாலும் நின்றது.

குறட்டை விரலோடு சேர்த்து உள்ளே விட்டேன். பிடித்தேன். வழுக்கியது. மறுபடி பிடித்தேன், மறுபடி வழுக்கியது. படலோரம் யாரோ இருமினார்கள். மூன்றாவது தடவை பிடித்து, இழுக்காமல், பூட்டில் சாவியைத் திருப்புகிற மாதிரி மெல்லத் திருப்பினேன்.

நறுக்கென்று ஒரு சத்தம். என் உள்ளங்கையில் ஒரு தொப்பி விழுந்தது. பழுப்பேறி, நாலு மூலையிலும் கூர்முனையோடு, ஒரு சோடா மூடி அளவுதான் இருக்கும். அதோடு சேர்ந்து வந்த அழுகிய புல்லின் நாற்றத்தில் ஸ்டாண்டுக்காரர்கள் நாலு பேரும் இரண்டடி பின்வாங்கினார்கள்.

இந்தத் துணுக்குக்காகவா ஒரு குடும்பம் வீதியில் விழுந்தது, ஒரு மனிதர் தன் குதிரையை அடித்துவிட்டு நொந்துபோனார்?

வாயைப் பெர்மாங்கனேட் தண்ணீரில் கழுவினோம். ஜொகரா பீவி ஒரு கைப்பிடி இளம் அறுகம்புல்லைக் கொண்டுவந்து நீட்டினார். மைனா முகர்ந்தது. வாங்கியது. மென்றது. நாங்கள் எல்லோரும் அதன் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு கவளம் உருண்டு கீழே இறங்கியது.

"முழுங்கிருச்சு!" என்றார் சின்னச்சாமி, தன் பேத்தி முதல் சோறு தின்றதைச் சொல்கிற மாதிரி.

ராவுத்தர் அடுப்பிலிருந்து கம்பியை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டார். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

அதிகாரியின் அறை

பல் வந்துவிட்டது. அறிக்கை பாக்கி.

முரட்டுக் குதிரை இல்லை, பல்வலி என்று மட்டும் எழுதிவிட்டால் என் பெயருக்குச் சேதமில்லை. வயதைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் அப்படி எழுதினால் மறுநாளே அதே வாயில் கடிவாளம் ஏறும். இன்னும் விழ வேண்டிய பால்பற்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை முழுக்க எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, கடைசியில் உள்ளதை எழுதினேன். குதிரைக்கு நாலு வயதுதான். ஆடியில் நான் கீழ்த்தாடையை மட்டும் பார்த்து ஐந்து என்று எழுதியது என் தவறு. ஆறு மாதத்துக்கு இதை வண்டியில் பூட்டக் கூடாது. பிறகு மறுபடி பார்க்க வேண்டும்.

ராவுத்தரிடம் முன்கூட்டியே சொன்னேன். ஆறு மாதம் என்றதும் ஒரு கணம் கண்ணை மூடினார். "எழுதுங்க. அது பச்சப்புள்ளைன்னு தெரிஞ்ச பொறகு எப்பிடிங்க பூட்டுறது? மச்சான் வண்டியில நான் ஓட்டப் போறேன்" என்றார்.

திங்கட்கிழமை நகராட்சி அதிகாரி எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். அறிக்கையை இரண்டு தடவை படித்தார்.

"ஏன் டாக்டர், ஆடியில அஞ்சு வயசு, மாசியில நாலு வயசா? உங்க குதிரை பின்னாடியா வளருது?"

அவர் ராவுத்தர் பக்கம் திரும்பினார்.

"நீரு குதிரைக்காரர்தானே? அன்னிக்கு டாக்டர் முழுசாப் பாக்கலேன்னா, மேல்வாயைப் பாருங்கன்னு கேக்க வேண்டியதுதானே?"

ராவுத்தர் கேட்டார். நாற்பது பேர் முன்னால் கேட்டார். நான் அவர் மனைவியைக் கேலி செய்து அனுப்பினேன். அதை அவர் சொன்னால், தவறு செய்தவன் என்பது போய், சொல்லியும் கேட்காதவன் என்று ஆகிவிடும். அறிக்கையில் அந்தப் பகுதியை நான் எழுதியிருக்கவில்லை.

ராவுத்தர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னார்: "டாக்டரய்யா பாக்கத்தேன் வந்தாக. நாந்தேன் ரயிலு வர்ற நேரமாச்சு, விட்டுருங்கன்னு அவசரப்படுத்திப்புட்டேன். தப்பு என்னோடதுங்க."

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அதிகாரி இருவரையும் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு, அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். குதிரையின் பெயர் கெடவில்லை. நம்பரும் போகவில்லை.

வெளியே படியில் இறங்கும்போது, "ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"தெரியாமத் தப்பா எழுதுனீக. தெரிஞ்ச பொறகு மறைக்காம எழுதுனீக. அது போதுங்க எனக்கு. நான் சொல்லி உங்க வேலைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நாளைக்கு இன்னொரு மைனாவுக்கு யாரு கைய விடுவா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் உள்ள சொன்னது மட்டும் வீட்டுக்குத் தெரிய வேணாம். பாக்கச் சொன்னது அவ. நான் பாக்க விடலேன்னு சொன்னேன்னு தெரிஞ்சா எனக்குத் தீனி கெடையாது" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு கண்ணும் கலங்கியது. நன்றி என்ற சொல் வாய்வரை வந்தது. சொல்லத்தான் வெட்கம் விடவில்லை.

மைனா மன்னிக்கவில்லை

சில வாரம் கழித்துப் புண் ஆறியதா என்று பார்க்கப் போனேன். ஜொகரா பீவியிடம், "ஆடியில நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா" என்றேன். இதற்காகவே ராத்திரியெல்லாம் நீளமாக யோசித்து வைத்திருந்தேன். வந்தது அவ்வளவுதான்.

"குதுர திங்கிதுங்க. டீ போட்டுட்டேன், குடிச்சிட்டுப் போங்க" என்றார் அவர்.

மைனாவுக்கு ஓரப்பல் முளைத்தபின் மறுபடி வண்டியில் பூட்டினார்கள். அதற்கப்புறம் வெகுகாலம் ரயிலடியில் ஓடியது. யாரையும் கீழே தள்ளவில்லை. என்னை மட்டும் எங்கே பார்த்தாலும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ராவுத்தர், "டாக்டரய்யாவுக்குச் சலாம் சொல்லு" என்பார். சொல்லாது. அன்று என் விரல்களைக் கடிக்காமல் விட்டதே அதனிடமிருந்து எனக்குக் கிடைத்த பெரிய சலாம்.

ராவுத்தரும் ஜொகரா பீவியும் இப்போது இல்லை. அந்த அறையில் நான் திறக்காத வாயை இந்தப் பக்கத்தில் திறந்திருக்கிறேன். ராவுத்தர் கேட்டார். நான்தான் பார்க்கவில்லை.

அதன் பிறகு முப்பது வருஷம் வேலை பார்த்தேன். எந்தக் கால்நடைக்குப் பல் பார்த்தாலும் என் கை முதலில் மேலுதட்டுக்குத்தான் போகும். மாடானாலும் அப்படித்தான். சந்தைகளில் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். மேலுதட்டு டாக்டர் என்று எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு தோட்டத்தில், தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்று ஒரு காளையின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தபோது, அதன் சொந்தக்காரர் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டார்.

"ஏனுங்க டாக்டரு, மாட்டுக்கு மேல பல்லு ஏதுங்க?"

"இல்லீங்க. தெரியும்."

"அப்பறம் எதுக்குங்க தூக்கிப் பாக்கறீங்க?"

"ஒரு அம்மா பாக்கச் சொல்லியிருக்காங்க" என்றேன்.